ஒரு மென்பொருளின் முடிவும் பண்பாட்டு உடைமையும்: பிளாஷ் பற்றிச் சில குறிப்புகள்

2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தின் கடைசி வாரத்திலே, கொள்ளைநோய் பற்றிய செய்திகளே உலகெங்கும் செய்தித்தாள்களை நிரப்பியிருந்த வேளையில், கணினித்துறை பற்றி எழுதுவோர் பலர் ஒரு மென்பொருளுக்கு இரங்கலுரை எழுதிக்கொண்டிருந்தனர். அடொபி நிறுவனத்தின் பிளாஷ் பிளேயர் எனும் மென்பொருளுக்கான ஆதரவு டிசெம்பர் 31ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டது. 2021 ஜனவரி 12ஆம் திகதி முதல், ஏற்கெனவே கணினிகளில் நிறுவப்பட்டிருந்த அதன் இறுதிக்காலப் பதிப்புகளும், தம்முள் முன்கூட்டியே பொதிந்துவைக்கப்பட்டிருந்த ஆணைக்கமையத் தாமாகவே இயங்க மறுத்தன. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் இணையத்தின் அசைவுக்கும் ஒலிக்கும் விளையாட்டுக்கும் கருவியாயிருந்த ஒன்று இவ்வாறு திகதி குறித்து முடித்துவைக்கப்பட்டது.

அவ்வாண்டிறுதி எழுத்துக்களை ஒருசேர நோக்குமிடத்து அவற்றுள் இரு குரல்களைப் பிரித்தறியலாம். ஒன்று நிம்மதிப் பெருமூச்சு: பாதுகாப்பற்றதும் மின்கலத்தை உறிஞ்சுவதும் காலங்கடந்ததுமான ஒரு மென்பொருள் ஒழிந்தது என்பது. மற்றையது பிரிவாற்றாமை: பாடசாலைப் பருவத்து விளையாட்டுக்களும் கேலிப்படங்களும் போய்விட்டனவே என்பது. இரண்டும் எதிரெதிரானவைபோலத் தோன்றினும் ஓர் எடுகோளில் ஒன்றுபடுகின்றன. தொழில்நுட்பம் பிறக்கிறது, வளர்கிறது, மூப்படைந்து மடிகிறது. இது இயற்கை என்பதே அவ்வெடுகோள். ஆனால் மென்பொருளுக்கு மூப்பு என ஒன்றில்லை. 1997இல் ஆக்கப்பட்ட ஒரு பிளாஷ் கோப்பு முறையாகப் பேணப்பட்டிருப்பின் அதன் ஒன்றுகளும் பூச்சியங்களும் இன்றும் அன்றிருந்தவாறே உள்ளன. மாறியவை அதனைச் சூழ்ந்த இயந்திரங்களும் அவ்வியந்திரங்களை உடைமையாகக் கொண்டோரின் நலன்களுமே. மனிதரிடையே நிலவும் உறவுகள் பொருள்களிடையே நிலவும் உறவுகளாகத் தோற்றங் காட்டுவதை மூலதனத்தின் முதற் பாகத்திலே மார்க்ஸ் விளக்கினார். ஒரு மென்பொருளின் ‘மரணம்’ என்ற சொல்லாட்சியும் அத்தகைய தோற்றமே எனலாம்.

பிளாஷ் நல்லதா தீயதா எனத் தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு கலைப்படைப்பை ஆக்கவும் துய்க்கவும் இன்றியமையாத கருவி தனியொரு கம்பனியின் உடைமையாயிருக்கும்போது அப்படைப்புக்கும் படைப்பாளிக்கும் நேர்வது யாது என்பதே இங்கு ஆராயப்படுவது. இலக்கிய மாணவர்களுக்கு இது புறத்தேயுள்ள பிரச்சினைபோலத் தோன்றலாம். அவ்வாறன்று என்பது பின்னர்த் தெளிவாகும்.

பிளாஷின் தோற்றம் எளிமையானது. 1993இல் அமெரிக்காவில் ஜொனதன் கே என்பாரும் வேறு சிலரும் சேர்ந்து பியூச்சர்வேவ் எனும் சிறு கம்பனியைத் தொடங்கினர். எழுதுகோலால் இயக்கப்படும் கணினிகள் பெருகும் என நம்பி அவற்றுக்கென ஒரு சித்திர மென்பொருளை உருவாக்கினர். அக்கணினிகள் சந்தையில் எடுபடவில்லை. அதன்பின் அதே மென்பொருளுக்கு அசைவூட்டும் வசதியைச் சேர்த்து, இணையத்துக்குரியதாக மாற்றி, 1996இல் பியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் வெளியிட்டனர். இதற்கு முன்னரே, 1995இல், தமது தொழில்நுட்பத்தை அடொபிக்கு விற்க அவர்கள் முயன்றதும் அடொபி அதனை வேண்டாமென்றதும் வரலாற்றின் சிறு அங்கதம். 1996 டிசெம்பரில் மக்ரோமீடியா அதனை வாங்கிப் பிளாஷ் எனப் பெயரிட்டது. ஒன்பது ஆண்டுகளின் பின்னர், அன்று வேண்டாமென்ற அடொபி, ஏறத்தாழ 340 கோடி டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து மக்ரோமீடியாவையே விழுங்கியது.

அக்காலத்துத் தொலைபேசி வழி இணைப்பிலே ஒரு நிழற்படம் திரையில் முழுமையாக விரிவதற்கே பல வினாடிகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பிளாஷ் படத்தைப் புள்ளிகளாக அன்றிக் கோடுகளையும் வளைவுகளையும் குறிக்கும் கணிதக் கட்டளைகளாகச் சேமித்தது. ஆதலின் சில நிமிட அசைவுப்படமொன்றும் மிகச் சிறிய கோப்பினுள் அடங்கியது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்புடன் அக்ஷன்ஸ்கிரிப்ற் எனும் நிரல்மொழியும், 2002இல் காணொளியைக் காட்டும் ஆற்றலும் சேர்ந்தன. 2005இல் தொடங்கிய யூரியூப் தன் காணொளிகளைக் காட்டியது பிளாஷின் வழியாகவே.

இதன் சமூக விளைவு கவனத்துக்குரியது. அசைவுப்படம் என்பது அதுவரை பெருமுதலீட்டையும் பலரது தொழிற்பிரிவினையையும் வேண்டிநின்ற ஒரு கைத்தொழில். டிஸ்னி போன்ற நிறுவனங்களுக்கு வெளியே அதனை ஆக்குவது மிகச் சிலருக்கே இயன்றது. பிளாஷ் வந்தபின் ஒரு மாணவன் தன் அறையிலிருந்தவாறே சித்திரம் வரைந்து, அசைவூட்டி, குரல் சேர்த்து, நியூகிரவுண்ட்ஸ் போன்ற தளங்களில் இட்டு, சில நாட்களிலேயே பல இலட்சம் பார்வையாளரைப் பெறக்கூடியதாயிற்று. வோல்ரர் பென்ஜமின் 1934இல் ‘உற்பத்தியாளனாக எழுத்தாளன்’ என்ற உரையில் எழுப்பிய வினா இங்கு பொருத்தமானது. ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகள் பற்றி என்ன மனப்பாங்கு கொண்டுள்ளது எனக் கேட்பதற்கு முன்னர், அவ்வுறவுகளுக்குள் அது எவ்விடத்தில் நிற்கிறது எனக் கேட்க வேண்டுமென்றார் அவர். பிளாஷ் கலைஞர் நின்ற இடம் விசித்திரமானது. காட்சிப்படுத்தும் மென்பொருள் இலவசம். ஆக்கும் மென்பொருள் விலைக்குரியது. கோப்பின் உள்ளமைப்பு பற்றிய விவரக்குறிப்போ 1998இலேயே வெளியிடப்பட்டதாயினும், அதனைக்கொண்டு போட்டியாகக் காட்சி மென்பொருள் எதனையும் ஆக்கலாகாது என்ற நிபந்தனை 2008 வரை நீடித்தது. எழுதுவோன் தாளையும் மையையும் வாங்கலாம். ஆனால் எழுதியதை வாசிக்கும் கண்ணாடியை ஒரு கம்பனி மட்டுமே செய்யலாம் என்பது போன்ற ஏற்பாடு இது.

இவ்வேற்பாட்டினுள் கலைஞனின் நிலையைக் காட்ட இரு வழக்குகளை எடுத்துக்கொள்வோம். சீனத்து இளைஞர் சூ ஷிச்சியாங் 2000ஆம் ஆண்டளவில் ‘சியாவ் சியாவ்’ என்ற தொடரை ஆக்கினார். வட்டத் தலையும் கோட்டு உடலுமுள்ள குச்சி மனிதர் குங்ஃபூ முறையில் மோதும் அப்படங்கள் சீனத்துக்கு வெளியேயும் பெரும் புகழ் பெற்றன. பின்னர் நைக் நிறுவனம் தன் விளம்பரங்களில் ஒரு குச்சி மனிதனைப் பயன்படுத்தியது. சூ வழக்குத் தொடுத்தார். 2004 டிசெம்பரில் பெய்ஜிங் நீதிமன்றம் அவருக்கு 300,000 யுவான் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. 2006இல் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. குச்சி மனிதன் எவருக்குமுரிய பொதுவடிவம் என்பதே அதன் சாரம்.

அதே 2004இல் அமெரிக்காவில் வேறொன்று நிகழ்ந்தது. ஜிப்ஜாப் எனும் சிறு கம்பனி, சனாதிபதித் தேர்தலில் போட்டியிட்ட புஷ், கெரி இருவரையும் எள்ளிநகையாடும் பிளாஷ் படமொன்றை வெளியிட்டது. அதற்கு மெட்டாக அமைந்தது இடதுசாரிப் பாடகர் வூடி கத்ரி 1940இல் எழுதிய புகழ்பெற்ற பாடல். நாட்டின் நிலம் எல்லோருக்கும் உரியது எனக் கூறும் அப்பாடல் தமக்கே உரியது எனப் பதிப்புரிமைக் கம்பனி அச்சுறுத்தியது. அப்பாடல் 1945இலேயே அச்சில் வெளிவந்தது. புதுப்பிக்கப்படாத அதன் பதிப்புரிமை 1973இல் காலாவதியாகிவிட்டது என ஜிப்ஜாப்புக்காக வாதாடிய மின்னியல் உரிமை அமைப்பினர் ஆவணங்களுடன் காட்டிய பின்னரே வழக்கு இணக்கமாக முடிந்தது. இரு வழக்குகளின் சட்ட நுணுக்கங்களும் வேறுவேறு என்பது உண்மையே. ஆயினும் அவற்றை அருகருகே வைத்து நோக்குவோருக்கு, தனிக் கலைஞனின் ஆக்கம் பொதுச் சொத்தாகவும் பொதுமக்களின் பாடல் தனிச் சொத்தாகவும் கொள்ளப்படும் போக்குப் புலனாகாமற் போகாது.

இனிப் பிளாஷின் வீழ்ச்சிக்கு வருவோம். 2007இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் பிளாஷுக்கு இடமளிக்கவில்லை. 2010 ஏப்பிரலில் ஸ்ரீவ் ஜொப்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதம் அதற்கான காரணங்களை அடுக்கியது. பிளாஷ் மூடிய உடைமை, இணையத்துக்கு வேண்டியவை திறந்த நியமங்கள், பாதுகாப்புக் குறைவு, மின்கலச் செலவு, தொடுதிரைக்குப் பொருந்தாமை என அவை நீண்டன. ஆண்டிறுதி இரங்கலுரைகளுட் பல இக்கடிதத்தை ஒரு தீர்க்கதரிசனமாகப் போற்றின. ஆனால் மிக முக்கியமானது என ஜொப்ஸே குறிப்பிட்டது வேறொரு காரணத்தை: தமது கருவிக்கும் அதற்கென நிரல் எழுதுவோருக்கும் இடையில் மூன்றாமவர் ஒருவரின் மென்பொருள் நிற்பதைத் தாம் அனுமதிக்கப் போவதில்லை என்பதே அது. 2008 ஜூலையில் அப்பிள் தன் செயலிக் கடையைத் திறந்திருந்தது. அன்று அதில் விற்கப்பட்ட ஒவ்வொரு செயலியின் விலையிலும் 30 சதவீதம் அப்பிளுக்குரியதாயிருந்தது. இணைய உலாவியினுள்ளே பிளாஷ் விளையாட்டுக்கள் இலவசமாக இயங்குமாயின் கடைக்கு வருவோர் யார்? திறந்த நியமங்களின் பெயரால் தொடுக்கப்பட்ட போர் ஒரு வாடகைக்காரனுக்கும் இன்னொரு வாடகைக்காரனுக்கும் இடையிலான போர் என்பதை விளங்கிக்கொள்ளப் பெரும் ஆராய்ச்சி தேவையில்லை. அடொபி 2011 நவெம்பரில் கைத்தொலைபேசிகளுக்கான பிளாஷைக் கைவிட்டது.

பாதுகாப்புக் குறைபாடு பற்றிய வாதத்தை வெறும் சாட்டு எனத் தள்ளிவிடலாகாது. 2015 ஜூலையில், அரசுகளுக்கு உளவு மென்பொருள் விற்றுவந்த இத்தாலியக் கம்பனியொன்றின் இரகசியக் கோப்புகள் அம்பலமாயின. பிளாஷில் அதுவரை வெளியறியப்படாதிருந்த ஓட்டைகளை அக்கம்பனி பயன்படுத்தி வந்தமை அவற்றால் தெரியவந்தது. அம்மாதமே முகநூல் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி பிளாஷுக்கு முடிவுநாள் குறிக்குமாறு அடொபியைக் கோரினார். குடிமக்களை வேவு பார்ப்போருக்கு வாயிலாக அமைந்த ஒரு மென்பொருளுக்காகக் கண்ணீர் சிந்துவது பேதைமை. எனினும் மூலநிரல் மூடப்பட்டிருந்தமையால் அவ்வோட்டைகளை அடைக்க அடொபி தவிர்ந்த வேறெவராலும் இயலவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குறை கருவியில் மட்டுமன்றி அதன் உடைமை முறையிலும் இருந்தது.

2017 ஜூலை 25ஆம் திகதி அடொபி முடிவை அறிவித்தது. அப்பிள், கூகிள், மைக்ரோசொவ்ற், மொசில்லா, முகநூல் ஆகியனவும் தத்தம் பங்குக்கு அறிவித்தல்கள் விடுத்தன. பிளாஷின் இடத்தை எச்.ரி.எம்.எல். 5 முதலிய திறந்த நியமங்கள் நிரப்பும் எனப்பட்டது. பெருமளவுக்கு நிரப்பியும் உள்ளன. ஆனால் அதே ஆண்டு செப்ரெம்பரில் உலகளாவிய வலைச் சங்கம், காணொளிகளைப் பூட்டிவைக்கும் மறைகுறி ஏற்பாட்டைத் தனது நியமங்களுள் ஒன்றாக அங்கீகரித்ததையும், அதனைக் கண்டித்து மின்னியல் எல்லை நிறுவனம் அச்சங்கத்திலிருந்து விலகியதையும் ஆண்டிறுதி மதிப்பீடுகளில் அரிதாகவே காணமுடிந்தது. மூடிய பெட்டி ஒன்று வாசலால் வெளியேற, வேறொன்று சாளரத்தால் உள்ளே வந்தது.

முடிவு நாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தும் எல்லோரும் ஆயத்தமாயிருக்கவில்லை. தென்னாபிரிக்காவின் வரித் திணைக்களம் தன் படிவங்கள் சில பிளாஷில் அமைந்திருந்தமையால், 2021 ஜனவரியில் அவற்றை நிரப்புவதற்கென்றே தனியொரு இணைய உலாவியை வெளியிட வேண்டியதாயிற்று. ஓர் அரசின் வரிப் படிவம் அயல்நாட்டுக் கம்பனியொன்றின் நாட்காட்டியிற் தங்கியிருக்கும் நிலையை மூன்றாம் உலக நாடுகளின் வாசகர் கவனித்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒப்பீடு ஒன்று பயன்தரும். பிளாஷின் உடைமையாளரான அதே அடொபி 1993இல் பீ.டி.எவ். எனும் ஆவண வடிவத்தை வெளியிட்டது. அதன் விவரக்குறிப்பு தொடக்கத்திலிருந்தே பகிரங்கமானது. அதனை வாசிக்கும் மென்பொருளை எவரும் ஆக்கலாம். 2008 ஜூலையில் அது சர்வதேச நியமமாகவும் ஆயிற்று. இன்று அடொபி நாளையே மூடப்பட்டாலும் பீ.டி.எவ். கோப்புகள் வாசிக்கப்படும். ஒரே கம்பனி, இரு வடிவங்கள், இரு கதிகள். இதற்குக் காரணம் அடொபியின் பெருந்தன்மையன்று. அரசுகளும் நீதிமன்றங்களும் அலுவலகங்களும் தமது ஆவணங்களைத் தனியார் ஒருவரின் தயவில் விட்டுவைக்க ஒருப்பட மாட்டா. சந்தையை வெல்வதற்கு அவ்வடிவத்தைத் திறந்துவிட வேண்டியிருந்தது என்பதே என் கருத்து. சிறுவரின் விளையாட்டுக்கும் தெருக்கலைஞனின் கேலிப்படத்துக்கும் அவ்வாறு வலியுறுத்தக்கூடிய வர்க்கம் எதுவும் பின்னால் நிற்கவில்லை.

ஈழத்துத் தமிழ் வாசகருக்கு இவ்வேறுபாடு ஏட்டளவிலானதன்று. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் நம் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் மின்வருடிப் பாதுகாப்பது பீ.டி.எவ். கோப்புகளாகவே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதைக் கண்ட சமூகமொன்றின் எஞ்சிய அச்சுச் செல்வம் எவ்வடிவத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது தொழில்நுட்பவியலாளரின் கவலை மட்டுமன்று. இதற்கு மாறான அனுபவமும் நமக்குண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், தமிழ் இணையத்தளங்கள் பலவும் தத்தமக்கெனத் தனி எழுத்துருக்களைக் கொண்டிருந்தன. அவற்றுட் சில, உலாவியே எழுத்துருவைத் தானாக இறக்கிக்கொள்ளும் ‘இயங்கு எழுத்துரு’ முறையைக் கையாண்டன. நெற்ஸ்கேப்புக்கு ஒரு வடிவம், மைக்ரோசொவ்ற் உலாவிக்கு வேறொரு வடிவம் என அவை அமைந்தன. அவ்வுலாவிகள் கைவிடப்பட்டபோது பக்கங்கள் இருந்தும் எழுத்துக்கள் புரியாக் குறிகளாயின. ஆனால் பாமினி முதலிய குறியேற்றங்களின் அமைப்பு எளிதில் கண்டறியத்தக்கதாயிருந்தது. அதனால் தன்னார்வலர்கள் மாற்றிகளை எழுதி அவ்வெழுத்துக்களை ஒருங்குறிக்கு மீட்டனர். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் வெளியிட்ட கலித்தொகைப் பதிப்புரையில் ஏடுகள் அழிவது பற்றிக் கொண்ட கவலையை யாவரும் அறிவர். அவருக்கு எதிரியாயிருந்தவை செல்லும் பூச்சியும் காலமும் மனிதரின் அசட்டையும். ஏடு கிடைத்தபின் அதனை வாசிப்பதற்குத் தடையாகச் சட்டமோ பூட்டோ இருக்கவில்லை.

பிளாஷ் விடயத்தில் நிலைமை வேறு. 2017 அறிவித்தலையடுத்து, மூலநிரலைத் திறந்துவிடுமாறு நிரலாளர் பலர் மனுவொன்றில் ஒப்பமிட்டனர். அது நிறைவேறவில்லை. பிளாஷின் ஒலி, காணொளிக் கூறுகள் சில பிற கம்பனிகளிடமிருந்து உரிமம் பெறப்பட்டவை என்பது ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. உடைமைக்குள் உடைமை, அதனுள்ளும் உடைமை. தன் பொருளைத் தானே கொடையளிக்கவும் உடைமையாளனால் இயலாத நிலை!

மீட்பு வேறு திசையிலிருந்து வந்தது. பிளாஷ்பொயின்ற் எனும் தன்னார்வத் திட்டத்தினர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுக்களையும் அசைவுப்படங்களையும் திரட்டினர். ரஃபிள் எனும் கட்டற்ற மென்பொருள், அடொபியின் நிரலில் ஒரு வரியையும் எடுக்காது, பிளாஷ் செய்ததைத் தானே புதிதாகச் செய்ய முயல்கிறது. இன்ரநெற் ஆர்கைவ் 2020 நவெம்பரில், அதாவது முடிவு நாளுக்கு ஒரு மாதத்துக்குச் சற்று முன்னர், ரஃபிளின் துணையுடன் பழைய படைப்புகளைத் தன் தளத்தில் மீண்டும் இயங்கச் செய்தது. இலக்கியத்துறையினரும் வாளாவிருக்கவில்லை. சொற்களையே அசைவித்து, இசையோடு இயைத்து, வாசகன் தொடுந்தோறும் மாறுமாறு அமைந்த மின்னியல் இலக்கிய ஆக்கங்கள் பல பிளாஷில் எழுதப்பட்டவை. சியோலைத் தளமாகக் கொண்ட யங்-ஹே சாங் குழுவினரின் பனுவல்கள் நன்கறியப்பட்டவை. அமெரிக்காவில் வாஷிங்ரன் அரசுப் பல்கலைக்கழகத்தின் வான்கூவர் வளாகத்து மின்னியல் இலக்கிய ஆய்வுகூடம் இத்தகைய ஆக்கங்களைப் பேணுவதற்கென்றே ‘பிளாஷுக்குப் பின்’ என்றொரு செயற்றிட்டத்தை மேற்கொண்டது. பதிப்பாசிரியப் பணியின் இன்றைய வடிவம் இதுவெனலாம். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்தவர்களுக்குப் பதில், பழைய கணினிகளையும் போலி இயந்திரங்களையும் ஒப்புநோக்கிப் படைப்பின் இயக்கத்தைத் தேர்பவர்கள். கிரேக்க காவியம் பற்றி 1857ஆம் ஆண்டு முன்னுரையில் மார்க்ஸ் எழுப்பிய வினாவை, அதாவது ஒரு கலைவடிவம் தன் உற்பத்திச் சூழல் மறைந்தபின்னும் நமக்கு இன்பந் தருவது எவ்வாறு என்பதை, இவர்கள் கைவேலையாக எதிர்கொள்கின்றனர்.

ஆயினும் இம்மீட்புக்கு ஓர் எல்லை உண்டு. சிங்கா கம்பனியின் பார்ம்வில் என்ற விளையாட்டு 2009 ஜூனில் முகநூலில் தொடங்கியது. அதன் உச்ச காலத்தில் மாதமொன்றுக்கு 8 கோடிக்கு மேற்பட்டோர் அதில் வயல் உழுது, விதைத்து, அயலாரின் தோட்டத்துக்கு உரமிட்டனர். பலர் உண்மைப் பணம் கொடுத்து விதையும் மாடும் வாங்கினர். அத்தனை பேரும் அங்கு நிலமற்ற குத்தகைக் குடியானவரே. முகநூல் பிளாஷ் விளையாட்டுக்களைக் கைவிட்டமையால் 2020 டிசெம்பர் 31ஆம் திகதி அது மூடப்பட்டது. பயிர் செய்தோரின் கையில் எஞ்சியது எதுவுமில்லை. ரஃபிளைப் போன்ற மென்பொருள்கள், கோப்பு கைக்குக் கிடைத்தால் அதனை இயக்கும். பார்ம்வில்லைப் பொறுத்தவரை திரையில் தோன்றிய சிறு பகுதியே பயனரின் கணினிக்கு வந்தது. எவர் எவ்வயலில் எதனை விதைத்தார் என்பதும், அவ்வயல்களை இயக்கிய விதிகளும் சிங்காவின் வழங்கிகளிலேயே இருந்தன.